அமைதி காக்கவும், இசை ஆசிரியர் தேர்வு நடைபெறுகிறது

தமிழ்நாட்டில் இசை ஆசிரியர் ஆக என்னவெல்லாம் வேண்டும் என்று விசாரித்தால், பாட்டைத் தவிர மற்றதெல்லாம் வேண்டும் என்று தெரிகிறது. கறுப்பு பால்பாயிண்ட் பேனா வேண்டும். சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், தமிழ்வழியில் படித்திருந்தால் அதற்கொரு சான்றிதழ் வேண்டும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர் முடித்து, ஹையர் முடித்து, அதற்கு மேல் 'டிடிசி' என்கிற தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். படித்த படிப்புக்கு வேறு பெயர் என்றால், அது இதற்கு இணைதான் என்று சொல்லும் அரசாணையின் நகலைத் தேடிப் பிடிக்க வேண்டும். இத்தனையையும் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். தொண்டை? இருந்தால் தவறில்லை. விதிகளில் அதற்குத் தடை ஏதும் இல்லை.

2017 செப்டம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுப் பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியர்களை எடுக்க ஒரு தேர்வு நடத்தியது. மொத்தம் 1,325 இடங்கள். உடற்கல்விக்கு 663, ஓவியத்துக்கு 327, தையலுக்கு 249, இசைக்கு 86. மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கும் மேல். அதற்கு 86 பேர். தையலுக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பாட்டுக்கு. அதுவும் நியாயம்தான். சட்டை கிழிந்தால் ஊரே பார்க்கும். சுருதி கிழிந்தால் யார் கண்ணில் படப்போகிறது?

தேர்வு முறை ரொம்ப எளிது. கேள்விக்கு நான்கு விடை, விடைக்கு ஒரு வட்டம், சரியான வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முடிந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு. அதுவும் முடிந்தால் பணி ஆணை. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் படியேறும் நாள்வரை அந்த இசை ஆசிரியர் அரசாங்கத்தின் முன்னால் வாயைத் திறக்கும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான். "ஒரிஜினல் எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்பார்கள். "இருக்கு சார்" என்று சொல்ல வேண்டும். அந்த 'சார்' எந்தச் சுரத்தில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை.

தேர்வறையைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். வாசலில் 'அமைதி காக்கவும்' பலகை. உள்ளே வரிசைக்கு இத்தனை பேர் என்று பாடகர்கள், வீணைக்காரர்கள், வயலின்காரர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மிஸ்ர ஜாதி ஜம்பை தாளத்துக்கு எத்தனை அட்சரம் என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தாளத்தோடு வளர்ந்தவனுக்கு அந்தக் கணக்கு தலையில் இருக்காது, கையில் இருக்கும். லகுவுக்கு ஒரு தட்டு, ஆறு விரல். அனுதிருதத்துக்கு ஒரு தட்டு. திருதத்துக்கு ஒரு தட்டும் ஒரு வீச்சும். ஆகப் பத்து. பிள்ளை தொடையில் மெதுவாகப் போட்டுப் பார்க்கிறான். கண்காணிப்பாளர் விறுவிறுவென்று வருகிறார். "என்னப்பா அங்க சத்தம்? பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு சிக்னல் குடுக்கறியா?" கை மேசைக்கு மேலே வந்துவிடுகிறது. வந்த கை எட்டு என்ற வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுகிறது. தாளம் போட்டதற்காகத் தாளத்தில் தோற்ற முதல் மனிதன் அவனாகத்தான் இருப்பான்.

இன்னொரு கேள்வி. மேசகல்யாணி எத்தனையாவது மேளம்? எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதிக் கணக்கு தெரிந்தவனுக்கு இது அல்வா. 'மே'க்கு ஐந்து, 'ச'வுக்கு ஆறு, திருப்பிப் போட்டால் 65. ராகத்தின் முகத்தையே பார்த்திராதவன்கூடப் போட்டுவிடலாம். கல்யாணியை முக்கால் மணி நேரம் இழைத்து இழைத்து வாசிக்கிறவன் பதற்றத்தில் திருப்பிப் போட மறந்து 56 என்று கறுப்பாக்கினால் தொலைந்தான். 56 சண்முகப்பிரியாவின் வீடு. கச்சேரியில் அந்த ஆள் ஆயுளுக்கும் வீடு மாறி நுழைந்திருக்க மாட்டான். இருந்தாலும் வாரியத்தின் பார்வையில் அவனுக்குக் கல்யாணி தெரியாது, 65 என்று கறுப்பாக்கியவனுக்குத் தெரியும். அடுத்த முப்பது வருஷம் நம் பிள்ளைகளுக்கு 65 என்ற எண் பாடிக் காட்டப்படும்.

சரி, பள்ளிக்கூடம் வேண்டாம், கல்லூரிக்குப் போகிறேன் என்று கிளம்பினால் அங்கே 'நெட்' நிற்கிறது. தேசியத் தகுதித் தேர்வு. அதில் இசையும் ஒரு பாடம், எண் 16. மூன்று மணி நேரம், இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண். முதல் தாள் எல்லாருக்கும் பொது. அதில் கணிதத் திறன் உண்டு, புள்ளிவிவர அட்டவணை உண்டு, கணினி உண்டு, சுற்றுச்சூழல் உண்டு, உயர்கல்வி நிர்வாகம் உண்டு, இந்தியத் தர்க்க சாஸ்திரத்தில் அனுமானம் எத்தனை வகை என்பதும் உண்டு. மிருதங்கத்தில் கண்ட நடையில் ஒரு கோர்வையைக் கையோடு கணக்குப் போட்டு சமத்தில் கொண்டுவந்து இறக்குகிற ஆளுக்கு 'கணிதத் திறன்' போதாது என்று ஒரு கணிப்பொறி தீர்ப்பு சொல்லும். இரண்டாம் தாள் இசை. அதுவும் நான்கு விடையில் ஒன்றைத் தேர்வதுதான். கேள்விகள் இங்கிலீஷில் இருக்கும், இந்தியில் இருக்கும். தமிழில் இருக்காது. தேவாரப் பண்ணைத் தமிழிலேயே கற்று, தமிழிலேயே பாடி, தமிழிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறவன், அந்தப் பண்ணைப் பற்றிய கேள்வியை மட்டும் இந்த இரண்டில் ஒன்றில்தான் எதிர்கொள்ள வேண்டும். சம்பந்தர் வந்தாலும் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டுத்தான் வரவேண்டும்.

நெட் இருந்தால் போதுமா, டாக்டர் பட்டமும் வேண்டுமா என்பது அந்தந்த வருஷத்து ராகம். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆக 2021 ஜூலையிலிருந்து முனைவர் பட்டம் கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இல் விதி எழுதியது. 2021 வந்ததும் 2023 ஜூலைக்குத் தள்ளிவைத்தது. 2023 ஜூலை வந்ததும், கட்டாயம் இல்லை, நெட்டோ மாநிலத் தகுதித் தேர்வோ போதும் என்று சொல்லிவிட்டது. ஒரே பல்லவியை மூன்று காலத்தில் பாடுவதற்குத் திரிகாலம் என்று பெயர். வித்வான்கள் வருஷக்கணக்கில் சாதகம் செய்தால்தான் கைக்கு வரும் அந்த வித்தையை யுஜிசி சாதகமே இல்லாமல் செய்து காட்டியது. இடையில் அலறிப் புடைத்துக்கொண்டு ஆய்வேட்டை முடித்தவர்களின் தலைமுடியைப் பற்றி யாரும் ஆய்வு செய்யவில்லை.

அந்த ஆய்வேடுகள் எப்படி உருவாகின்றன என்பது தனிக் கதை. ஆய்வாளர் ஒருவர் கோயில் நாகசுரக்காரர் வீட்டுக்கு வருவார். செல்போனில் பதிவை ஓடவிடுவார். பெரியவர் சீவாளியை வாயில் ஊறவைத்து, ஒத்துக்காரப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மல்லாரியில் எத்தனை உண்டோ அத்தனையும் எடுப்பார். தளிகை மல்லாரி எப்போது, தேர் மல்லாரி எப்போது, சாமி புறப்பாட்டில் எந்த இடத்தில் எது நிற்கும், எது கிளம்பும் எல்லாம் வாயாலும் வாத்தியத்தாலும் சொல்லுவார். அந்த வீட்டு அம்மா காபி கொண்டுவருவார். நாலைந்து வருஷம் கழித்து ஆய்வேடு வரும். பெரியவர் பின்னிணைப்பில் இருப்பார், பெயர், வயது, ஊர், ஒரு மங்கலான போட்டோ. தலைப்பில் 'தகவலாளி' என்று போட்டிருக்கும்.

அந்த ஆய்வேட்டைக் காட்டி, மல்லாரி பற்றிக் கற்பிக்கும் தகுதியை ஆய்வாளர் பெறுவார். பெரியவருக்கு அந்தத் தகுதி கிடையாது. அவர் எட்டாவது. ஆய்வாளரை நான் குறை சொல்லவில்லை, அவரும் வயிற்றுக்காகத்தான் காபி குடித்தார். ஆனால் இந்த ஏற்பாட்டை உட்கார்ந்து யோசித்து, தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறையில் ஒரு ஆளுக்காவது வெட்கம் வந்திருக்க வேண்டாமா? ஒரு மனிதர் ஆராய்ச்சிக்குப் பொருளாக இருக்கத் தகுதியானவர், அதே பொருளைச் சொல்லிக்கொடுக்கத் தகுதியற்றவர் என்றால், நாம் ஆராய்வது இசையையா, அருங்காட்சியகத்துப் பொம்மையையா?

முன்காலத்தில் இந்த அறிவெல்லாம் நமக்கு இல்லை, பாவம். 1929இல் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். சபேசய்யர் கற்பித்தார், பொன்னையா பிள்ளை கற்பித்தார், டைகர் வரதாச்சாரியார் கற்பித்தார், பின்னாளில் தண்டபாணி தேசிகர் வந்தார். 1949இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல் முதல்வர் முசிரி சுப்பிரமணிய ஐயர். அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா. இந்தப் பட்டியலில் எத்தனை பேர் நெட் பாஸ் என்று கேட்காதீர்கள், மானக்கேடு. பாட்டி மடியில் பதம் கற்ற பிருந்தா எந்தப் பல்கலைக்கழகத்து மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து அட்டெஸ்டேஷன் வாங்குவார்?

பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம், அதாவது ஜி.என்.பி. விஷயம் இன்னும் சிக்கல். அவரிடம் பட்டம் இருந்தது. அதுதான் பிரச்சினை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஆனர்ஸ். 1964இல் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்கு முதல்வராகப் போனார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் செம்மங்குடி சீனிவாச ஐயர். இன்றைக்கு ஜி.என்.பி. விண்ணப்பித்தால் கோப்பு எப்படி நகரும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. 'விண்ணப்பதாரர் உரிய பாடத்தில் பட்டம் பெறவில்லை' என்று பிரிவு எழுத்தர் பச்சை நிறத் தாளில் எழுதுவார். கண்காணிப்பாளர் 'பார்த்தேன்' என்பார். வேண்டுமானால் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளராக முயலலாம் என்று யாராவது நல்ல மனசுக்காரர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவார். அங்கே போனாலும் முதுகலை இல்லை என்பார்கள்.

ஜி.என்.பி. காலத்திலேயே அமெரிக்காவில் ஏமாந்தவர்கள் இருந்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் என்றொரு பல்கலைக்கழகம். தனம்மாளின் இன்னொரு பேத்தி, நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி ரங்கநாதன் 1963இல் அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுக்கப் போனார். 1987இல் காலமாகும்வரை, நடுவில் சில ஆண்டு விட்டு, அங்கேதான் வேலை. பாலசரஸ்வதியும் அங்கே போய்க் கற்பித்தார். தனம்மாள் குடும்பத்து ஞானத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் தன் பிள்ளைகளைச் சம்மணம் போட்டு உட்காரவைத்தான். கொடுத்தது சம்பளமும் மரியாதையும். கேட்டது வாசிப்பும் ஆட்டமும். டிடிசி கேட்கத் தோன்றவே இல்லை, அவ்வளவு பின்தங்கிய நாடு.

பாரம்பரியக் கலைஞருக்கு நாங்களும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறோம் என்று யுஜிசி சொல்லும். உண்மை. 2018 விதியில் அந்தக் கதவு இருக்கிறது. பெயர்பெற்ற குருவிடம் கற்றிருக்க வேண்டும், வானொலியிலோ தொலைக்காட்சியிலோ 'ஏ' கிரேடு வாங்கியிருக்க வேண்டும், தர்க்கரீதியாக விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் சரி. அதோடு இளநிலைப் பட்டமும் வேண்டும். கதவு திறந்திருக்கிறது, நிலைதான் கொஞ்சம் தாழ்வு. முதுகு வளையாதவர்கள் உள்ளே போக முடியாது.

2022இல் இன்னொரு கதவு திறந்தது. தொழில் அனுபவம் உள்ளவர்களைப் பட்டம் இல்லாமலே பேராசிரியர்களாக அமர்த்தலாம். மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. மூன்று வருஷம், மிஞ்சினால் நான்கு, அதற்குப் பிறகு நடையைக் கட்ட வேண்டும். துறைகளின் பட்டியலில் பொறியியல், மேலாண்மை, ராணுவம், ஆட்சிப்பணி, சட்டம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து நுண்கலையையும் சேர்த்திருந்தார்கள். தகுதி 15 ஆண்டு அனுபவம், 'உயர்பொறுப்பில்' இருந்தால் நல்லது. தவில்காரர்களுக்கு உயர்பொறுப்பு என்றால் என்ன? உதவித் தவில், இணைத் தவில், முதுநிலைத் தவில் என்று பதவி உயர்வு ஏதும் அந்தத் தொழிலில் கிடையாது. பெரிய மேளம் வாசிக்கிறேன் என்று எழுதிப் போட்டால் சீனியர் லெவல் என்று எடுத்துக்கொள்வார்களோ என்னவோ.

சிரிப்பு இதோடு நிற்கட்டும். எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு.

கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. ஆண்டுதோறும் சேர்க்கை அறிவிப்பு வரும். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாகசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். நல்ல ஏற்பாடு என்றுதான் தோன்றும். அந்த வாத்தியங்களைத் தூக்கிச் சுமந்த குடும்பங்களின் பிள்ளைகள் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் அப்பன் பின்னாலேயே போய்ப் படிப்பைத் தொலைத்தவர்கள், அவர்களுக்குத் தடை வேண்டாம் என்ற கருணை. கருணையை நம்பி அந்தப் பிள்ளை உள்ளே வருகிறான். மூன்று வருஷம் வலக்கை விரல்களில் கூடு மாட்டி மாட்டி விரல் காய்த்துப்போகிறது. இடக்கையில் கழியைப் பிடித்துத் தொப்பியை அடித்து அடித்துத் தோள் ஏறிவிடுகிறது. அரசு முத்திரையோடு சான்றிதழும் வாங்கிவிடுகிறான். வெளியே வந்து, அரசுப் பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்கலாமா என்று அதே அரசின் இன்னொரு அலுவலகத்தில் கேட்டால், பத்தாவது எங்கே, ஹையர் எங்கே, டிடிசி எங்கே? கல்லூரியில் கேட்டால், பட்டம் எங்கே?

தம்பி, உன்னிடம் நான் நேராகவே சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று சொன்னவர்கள் உன்னைக் கல்யாண மண்டப வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடத்தான் சொன்னார்கள். வகுப்பறை வாசலுக்கு அல்ல. நீ வாசிக்கலாம், கெட்டிமேளம் என்று கத்தினால் உடனே வாசிக்க வேண்டும், முதல் பந்திக்கு முன்னால் சாப்பிடக் கூடாது. சொல்லிக்கொடுக்க மட்டும் ஆசைப்படாதே. சொல்லிக்கொடுப்பவர் நாற்காலியில் உட்காருவார். உன்னை நாற்காலியில் உட்காரவைக்க இந்த ஊருக்கு எந்தக் காலத்திலும் மனசு வந்ததில்லை. அப்போது அதற்கு வேறு காரணம் சொன்னார்கள். இப்போது சான்றிதழ் என்கிறார்கள்.

விதிகளின் நெருப்பாற்றை நீந்தி ஒருவர் பள்ளிக்குள் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவருக்கு என்ன மரியாதை? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி இந்த மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சட்டமே பகுதிநேரம் என்றுதான் சொல்கிறது. குழந்தைக்குக் கணக்கு முழுநேரம், பாட்டு அரைநேரம். 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பேரைச் சேர்த்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். கலைக் கல்வி என்ற பெட்டியில் ஓவியத்தைப் போட்டார்கள். இசையைத் தொழிற்கல்விப் பெட்டியில் போட்டார்கள். கணினி, தையல், தோட்டக்கலை, கட்டடக்கலை, வாழ்வியல் திறன், இவற்றோடு இசை. மேஸ்திரிக்கும் தோட்டக்காரருக்கும் நடுவில் பாட்டு வாத்தியார். எனக்கு மேஸ்திரி மீதும் தோட்டக்காரர் மீதும் புகார் இல்லை. அவர்கள் வேலையை அவர்கள் கையால் செய்யச் சொல்லித்தான் சோதிக்கிறார்கள், வட்டம் நிரப்பச் சொல்லி அல்ல.

அந்த 5,000 கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து 2021இல் 10,000 ஆகி, 2024இல் 12,500 ஆனது. பணி நிரந்தரம் என்பது தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வருவது, தேர்தல் முடிந்ததும் பரிசீலனைக்குப் போவது. மே மாதம் வந்தால் சம்பளமே கிடையாது என்பது பல வருஷம் வழக்கமாக இருந்தது. பள்ளி விடுமுறை, பாடம் நடக்கவில்லை, பிறகெதற்குப் பணம் என்பது நிதித்துறையின் தர்க்கம். அந்த மாதம் முழுக்க வாத்தியார் குடும்பத்தின் வயிறும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்பது அதிலுள்ள அனுமானம். நெட் முதல் தாளில் தர்க்க சாஸ்திரத்தை ஏன் வைத்தார்கள் என்று இப்போது விளங்குகிறது.

இந்த அரசுக்குப் பாட்டு பிடிக்காது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து அரசாணை போட்டது. மோகன ராகத்தில், திஸ்ர நடையில், 55 விநாடியில் பாட வேண்டும். இசைத்தட்டில் ஓடவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களை வைத்து வாயால் பாட வேண்டும். அருமையான ஆணை. ராகம் சொல்லி, நடை சொல்லி, விநாடிக் கணக்கும் சொல்லி எந்த அரசு இப்படி ஓர் ஆணை போடும்? ஒரே ஒரு சந்தேகம். 37 ஆயிரம் பள்ளிகளில் அந்தப் பயிற்சியைக் கொடுப்பது யார்? மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் வராது என்று பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவது யார்? திஸ்ரத்தை எந்தக் கை தட்டிக் காட்டும்? வாரத்துக்கு மூன்று அரைநாள் வந்து போகிற, பதிவேட்டில் தோட்டக்கலைக்குப் பக்கத்தில் பெயர் இருக்கிற அந்த ஒருவர். அவரும் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. அங்கெல்லாம் காலை வழிபாட்டில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனக்கு வந்த சுருதியில் எடுக்கிறாள், முந்நூறு பிள்ளைகள் தங்களுக்கு வந்த சுருதியில் தொடர்கிறார்கள், தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொள்கிறார். பக்தியில் மூடுகிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம், வெளிநாட்டுப் பயணம்கூட உண்டு. அந்த மேடையில் கிராமத்துப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும், அதில் பொய் இல்லை. யூடியூப் பார்த்துக் கற்ற பாட்டு, கோயிலில் கேட்டுக் கற்ற பாட்டு, ஆத்தா நடவு வயலில் பாடக் கேட்ட பாட்டு. அரசு சொல்லிக்கொடுத்த பாட்டு எது என்று தேடினால்தான் கிடைக்காது. விதைக்காத வயலில் அறுவடைத் திருவிழா மட்டும் விமரிசையாக நடக்கிறது. அதே மாவட்டத்தில் லட்சங்களில் கட்டணம் வாங்கும் பள்ளியில் பியானோவுக்குத் தனி அறை, வயலினுக்குத் தனி ஆள், குளிர்சாதனம். அங்கே வாசித்துக் காட்டச் சொல்லித்தான் வாத்தியாரைச் சேர்க்கிறார்கள். காசு கொடுக்கிற அப்பன் காது கொடுத்துக் கேட்பான் என்று அந்த நிர்வாகத்துக்குத் தெரியும். காசு கொடுக்காத அப்பனுக்கும் காது உண்டு என்பது அரசுக்கு இன்னும் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஓர் அதிகாரி குறுக்கிடுவார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. "பாடிக் காட்டச் சொன்னால் சிபாரிசு வரும் சார், பெட்டி வரும், மந்திரி வீட்டிலிருந்து போன் வரும். ஓ.எம்.ஆர். தாளுக்கு அண்ணன் தம்பி கிடையாது." நேர்முகத் தேர்வுகளில் பணம் புரண்டதை இந்த நாட்டில் பார்க்காதவர் யார்? வட்டம் நிரப்புகிற முறை அந்த அழுகலுக்கு எதிராகத்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டத்துக்குக் கற்பு உண்டு என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். 2024 ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓ.எம்.ஆர். தாளில் நெட் எழுதினார்கள். மறுநாளே, தேர்வின் நேர்மையில் சந்தேகம் என்று மத்திய அரசே அதை ரத்து செய்தது. இசைக்காரர்கள் எழுதியதும் அதில் போயிற்று. பாடவும் விடாமல், எழுதியதையும் எண்ணாமல் அனுப்பிய நாள் அது.

தவிரவும், ஆளைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கிற வழி இந்த அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த 1950களிலேயே அகில இந்திய வானொலி குரல் தேர்வு முறையைக் கொண்டுவந்தது. யார் பாடுகிறார் என்று சொல்லாமல் பாட்டை மட்டும் கேட்டு கிரேடு போடுகிற முறை. பெரிய வித்வான்கள் கொதித்தார்கள், சண்டை நடந்தது, அந்த முறையிலும் அநியாயங்கள் உண்டு. இருந்தாலும் கேட்டார்கள். காதை வைத்துக் கேட்டார்கள்.

கணக்கு கேட்பீர்கள், அதனால் கணக்கே சொல்கிறேன். 86 இடம். ஓர் இடத்துக்கு இருவர் என்று கூப்பிட்டால் 172 பேர். எழுத்துத் தேர்வு இருக்கட்டும், சான்றிதழ் சரிபார்ப்பும் இருக்கட்டும். அதோடு ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு பாய், ஒரு சுருதிப் பெட்டி, ஆளுக்கு ஒரு எண், பத்து நிமிடம். ஐந்து நிமிடம் தனக்குப் பிடித்ததைப் பாடட்டும், ஐந்து நிமிடம் பத்துப் பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து ஒரு வரி சொல்லிக்கொடுக்கட்டும். 1,720 நிமிடம். 29 மணி நேரம்கூட ஆகாது. நான்கு வேலை நாள். முப்பது வருஷத்துக்கு ஒரு வாத்தியாரை அமர்த்துவதற்கு முன்னால் அவர் குரலைக் கேட்க அந்த நான்கு நாள் கிடைக்கவில்லை. இடம் இல்லை, ஆள் இல்லை என்று சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. மே மாதம் மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்கள் காலி. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க, அந்த மாதத்தைப் பல வருஷம் சம்பளம் இல்லாமல் வீட்டில் கழித்த பாட்டு வாத்தியார்களைக் கூப்பிடுங்கள். படிக்காசு மட்டும் அன்றன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.